தொடக்கப் பள்ளி ஆசிரியர் கனகசுப்புரத்தினம்

(வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களும் தமிழன்பர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் பணி நிறைவு பெறும் நாளில் என்ன நடக்கும் என்பது நாம் எல்லாரும் அறிந்ததே. வாயிலில் வாழைமரம் கட்டுவர். பொன்னாடை போர்த்துவர். ஊர்ப் பெரியவர் இருவர் மூவர் பேசுவர். பழைய மாணவர் ஒருவர் எழுந்து நான்கு சொற்கள் சொல்வதற்குள் தொண்டை அடைத்து அமர்ந்துவிடுவார். ஆசிரியரை மாலையும் கழுத்துமாக வீடுவரை கொண்டுபோய் விட்டுவருவர். மறுநாள் காலையில் அதே மணி அடிக்கும். அதே நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருப்பார். அவ்வளவுதானா? நாற்பதாண்டு காலம் சுண்ணக்கோல் பிடித்த கை விட்டுச் சென்றது ஒரு நாற்காலி மட்டுந்தானா?

இவ் வினாவுக்கு விடை காண, நம் புதுவை மண்ணிலேயே நடந்த ஒரு பணி நிறைவை நினைத்துப் பார்ப்போம். தி.பி. 1977, அதாவது 1946ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள், முப்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றிய ஓர் ஆசிரியர் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார். அரசின் பதிவேட்டில் அவர் பெயர் கனகசுப்புரத்தினம். தமிழுலகம் அவரைப் பாவேந்தர் பாரதிதாசன் என அறியும்.

பாவேந்தரைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. அவருடைய பாட்டைப் பேசுகிறோம், பகுத்தறிவைப் பேசுகிறோம், வீறு கொண்ட சொல்லைப் பேசுகிறோம். ஆயினும் அவருடைய வாழ்வின் பாதிக்கு மேற்பட்ட காலத்தை விழுங்கிய பள்ளிக்கூடத்தைப் பேசுவார் சிலரே. பாட்டு அவருக்குப் பெயர் தந்தது. சோறு தந்தது ஆசிரியப் பணி. சோறு மட்டுமா தந்தது? அவர் எந்த மக்களுக்காகப் பாடினாரோ அந்த மக்களின் பிள்ளைகளை நாள்தோறும் அவர் முன் கொண்டுவந்து நிறுத்தியதும் அப் பணியே.

அப் பணியின் அருமை விளங்க, இம் மண்ணின் பழைய கல்வி வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

பாகூர்ச் செப்பேடு என ஒன்று உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தது, ஒன்பதாம் நூற்றாண்டினது. பாகூரில் இருந்த கல்விநிலையம் ஒன்றற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதை அது கூறுகிறது. திருபுவனைக் கல்வெட்டு மற்றொன்று. சோழன் முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது. அங்கிருந்த கல்லூரியில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர் என்பதை அதனால் அறிகிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே புதுவைச் சிற்றூர்களில் இத்தகைய கல்விநிலையங்களா என்று நாம் வியக்கிறோம்; பெருமையும் கொள்கிறோம். ஆனால், அங்கே கற்பிக்கப்பட்டவை யாவை? நான்மறையும் அவற்றின் உறுப்புகளும் வடமொழி இலக்கணமும் மனுநூலுமே. நிலம் தமிழ் நிலம். நெல் தமிழுழவன் விளைத்த நெல். கொடையாவணத்தின் ஒரு பகுதியும் தமிழிலேயே எழுதப்பட்டது. ஏனெனில் எல்லை எது, வரி எது என்பதை ஊரார் அறிந்தாக வேண்டும்! கற்பித்த கல்வி மட்டும் அவ்வூரார் மொழியில் இல்லை. அந் நிலத்தை உழுதவன் பிள்ளைக்கு அங்கே ஓர் இடம் இருந்ததாகச் செப்பேடும் சொல்லவில்லை, கல்வெட்டும் சொல்லவில்லை.

உழவன் பிள்ளைக்குத் தமிழெழுத்தைக் காட்டியவை திண்ணைப் பள்ளிகளே. மணலில் விரல் வைத்து எழுதுவித்த அந்தத் திண்ணை ஆசிரியர்களுக்கு எந்த மன்னனும் மூன்று ஊர் கொடுக்கவில்லை. அவர்கள் பெயரைப் பொறித்த செப்பேடும் இல்லை. பின்னர்ப் பிரெஞ்சியர் ஆட்சி வந்தது. ஆட்சியாளர் மொழி அறிந்தவனுக்கு அலுவலும் உயர்வும். தமிழ் மட்டும் அறிந்தவனுக்கு வயலும் கடைத்தெருவும் என்னும் நிலை உருவாயிற்று. தமிழாசிரியன் பள்ளியில் இருந்தான். ஆனால் பள்ளியில் இருந்த யாவரினும் கீழாக எண்ணப்பட்டான்.

இத்தகைய சூழலில்தான், 1891ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் நாள் புதுவையில் பிறந்த கனகசுப்புரத்தினம், தமிழ்ப் புலமைத் தேர்வில் முதல்வராகத் தேறி, 1909ஆம் ஆண்டில் காரைக்காலைச் சேர்ந்த நிரவியில் ஆசிரியராக அமர்ந்தார். அப்போது அகவை பதினெட்டு. வகுப்பில் இருந்த பெரிய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் அகவையில் மிகுந்த இடைவெளி இருந்திராது! புதுவை நகரில் பிறந்து வளர்ந்த இளைஞர், காவிரிக் கடைமடைச் சிற்றூரில் தம் பணியைத் தொடங்கினார். அன்று தொடங்கியதே முப்பத்தேழு ஆண்டுப் பயணம்.

அடுத்து நாம் நிற்க வேண்டிய இடம் திருபுவனை. ஆம், 260 மாணவர்க்கு 12 ஆசிரியர் இருந்த அதே திருபுவனை! மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்த அவ்வூரில் கனகசுப்புரத்தினம் தமிழாசிரியராக இருந்தார். கல்வெட்டுக் காலத்துக் கல்லூரி எப்போதோ மறைந்தது. கல்லில் அதன் கணக்கு மட்டும் எஞ்சியது. எந்த மொழிக்கு அங்கே அன்று இடமில்லையோ அந்த மொழியைக் கற்பிக்க ஒரு தமிழாசிரியர் அங்கே வந்தார். எந்தப் பிள்ளைகளுக்கு அன்று இடமில்லையோ அந்தப் பிள்ளைகள் அவர்முன் அமர்ந்தனர். வரலாறு இவ்வாறு தன் கணக்கைச் சில வேளைகளில் தானே நேர் செய்துகொள்ளும்.

அத் திருபுவனையில்தான் இடியும் விழுந்தது. 1919ஆம் ஆண்டில், பிரெஞ்சு அரசுக்கு எதிரானவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு அவர் சிறையிலடைக்கப்பட்டார். ஒன்றேகால் ஆண்டு சிறை! பின்னர்க் குற்றம் இல்லை எனக் கண்டு அரசே விடுவித்தது. ஆனால், பறிபோன வேலை தானே திரும்பி வரவில்லை. அதற்கும் வழக்காடினார், வென்றார், மீண்டும் ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சிறை கண்டு மீண்டவர், பாரதியாரொடு பழகியவர், பாட்டெழுதும் ஆற்றல் வாய்ந்தவர், முப்பது அகவையும் நிரம்பாதவர். அவர் வழக்காடி மீட்டுக்கொண்டது எதனை? பட்டத்தையா, பண்ணையையா? தொடக்கப் பள்ளியின் ஆசிரியர் இருக்கையை! தமிழாசிரியனை எவரும் மதியாத காலத்தில், அவ்விருக்கையை வழக்காடிப் பெறத்தக்க உரிமையாக அவர் கருதினார் என்பதே நமக்குப் பாடம். தம் பணியைத் தாமே இழிவாக எண்ணுகின்ற ஆசிரியர் எவரேனும் இவ்வவையில் இருப்பின், இச் செய்தியை நெஞ்சில் எழுதிக்கொள்க.

அவர் தொடக்கத்திலேயே முழுமை பெற்றவரா எனின், இல்லை. உண்மையை மறைத்துப் புகழ்வது தமிழ்ப்பணி ஆகாது. 1926ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் மயிலம் சுப்பிரமணியர் துதியமுது. பெயரிலேயே வடசொல் விரவிய இறைப்பாட்டு நூல் அது. கதர்த் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றவரும் அவரே. 1930ஆம் ஆண்டில் சிறுவர் சிறுமியர்க்கென அவர் எழுதிய பாட்டு நூலும் நாட்டு விடுதலையைப் பாடியதே. அதே ஆண்டில் புதுவை முரசு என்னும் இதழின் ஆசிரியராகித் தன்மான இயக்கக் கருத்துகளைப் பரப்பினார். 1938ஆம் ஆண்டில் பாரதிதாசன் கவிதைகள் முதல் தொகுதி வெளிவந்தது. 1945ஆம் ஆண்டில் தமிழியக்கம் பிறந்தது. கோயில், கடைத்தெரு, பள்ளி, இசையரங்கு, அரசு அலுவலகம் ஆகிய எங்கும் தமிழே இருத்தல் வேண்டும் என்று நெருப்பாய் எழுந்த நூல் அது.

இறைப்பாட்டிலிருந்து தமிழியக்கம் வரை அவர் நடந்த தொலைவு சிறிதன்று. இந் நடை முழுவதும் அவர் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர்க்குப் பாடம் சொல்லிக்கொண்டே தாமும் கற்றுக்கொண்டிருந்தார். கற்பதை நிறுத்திய நாளில் ஆசிரியன் ஓய்வு பெற்றுவிடுகிறான். அரசின் ஓலை வருவது அதற்குப் பின்னர்தான்.

சிற்றூர் வீடுகளை நெருங்கிக் கண்ட ஆசிரியரின் பார்வையை அவர் நூல்களில் தெளிவாகக் காணலாம். குடும்ப விளக்கு 1942ஆம் ஆண்டிலும், இருண்ட வீடு 1944ஆம் ஆண்டிலும் வந்தன. கற்ற பெண் நடத்தும் வீடு எவ்வாறு விளங்கும் என்பது முன்னது. கல்வி புகாத வீடு எவ்வாறு குலையும் என்பது பின்னது. இருண்ட வீட்டைப் படித்து நகைப்பவர் பலர். நகைச்சுவைக்கு அடியில் ஓர் ஆசிரியரின் வருத்தம் இருக்கிறது. நேரம் அறியாத வீடு, தூய்மை அறியாத வீடு, பிள்ளையைப் பள்ளிக்கு விடுக்க அறியாத வீடு எனச் சிற்றூர் ஆசிரியன் ஒவ்வொருவனும் இன்றும் பார்க்கிற வீடே அது. 'ஏன் வரவில்லை?' என்று பிள்ளையின் வீட்டுப்படி ஏறிக் கேட்ட ஆசிரியர்க்கு அந் நூலின் ஒவ்வோர் அடியும் விளங்கும்.

இனி 1946ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பெருவிழா. நாவலர் சோமசுந்தர பாரதியார் தலைமை. அறிஞர் அண்ணா முயன்று திரட்டிய 25,000 உருபாப் பொற்கிழி அவருக்கு வழங்கப்பட்டது. புரட்சிக் கவிஞர் எனத் தமிழ்நாடு அவரைப் போற்றியது. எந்தத் தமிழ்ப் பாவலனுக்கும் அதற்குமுன் மக்கள் இத்தகைய சிறப்பைச் செய்ததில்லை எனலாம். அவ்விழா நடந்த நாளில் அவர் யார்? இன்னும் பணியில் இருந்த பள்ளி ஆசிரியர்! ஓய்வு பெறும் நாள் அதற்குப் பின்னரே, நவம்பர் 8ஆம் நாளே வந்தது. பொற்கிழி பெற்ற கைக்கும் சுண்ணக்கோலுக்கும் பகையில்லை என்பதை அவ்வாண்டு காட்டியது.

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இப்போது வருவோம். அவர் பள்ளியில் விட்டுச் சென்றது என்ன?

விடை வில்லியனூரில் இருக்கிறது. 1915ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் வில்லியனூரில் பிறந்த அரங்கசாமி என்னும் சிறுவர், இளமையில் பாவேந்தரிடம் பயின்றார். அச் சிறுவரே பின்னாளில் பாவலர் வாணிதாசன் ஆனார். தமிழச்சி, கொடிமுல்லை, எழிலோவியம் முதலிய நூல்களைத் தந்தார். வயலும் வரப்பும் ஓடையும் நுணாவும் தமிழ்ப்பாட்டில் புதுமையாகப் பூத்தது அவர் கையில். அவர் செய்த பெரும்பணி இன்னொன்றும் உண்டு. தம் ஆசிரியரைப் போலவே அவரும் ஆசிரியரானார். முப்பத்து நான்கு ஆண்டுகள்! பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த சேலியமேட்டில் வாழ்ந்து, 1974ஆம் ஆண்டு ஆகத்து 7ஆம் நாள் மறைந்தார். இன்று சேலியமேட்டு அரசுப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எண்ணிப் பாருங்கள். ஆசிரியருக்கு முப்பத்தேழு, மாணவருக்கு முப்பத்து நான்கு. இரண்டையும் கூட்டினால் எழுபத்தோராண்டுத் தமிழ்ப்பணி. இதுதான் ஓர் ஆசிரியர் விட்டுச் செல்லும் செல்வம். நாற்காலி அன்று, கட்டடம் அன்று, தம்மைப் போல் கற்பிக்கும் மற்றொருவர். மூன்று ஊர் நிலத்தைக் கொடையாகப் பெற்ற கல்லூரி மறைந்துவிட்டது. ஓர் ஊரும் பெறாத ஆசிரியர் நிறுவிய வழிமரபு நிற்கிறது.

வாணிதாசனைப் பற்றி மற்றொரு செய்தியும் இன்றியமையாதது. அவர் பிரெஞ்சு மொழியில் வல்லவர். தமிழ்-பிரெஞ்சு கையகர முதலி ஒன்றைத் தொகுத்தவர். பிரெஞ்சு அரசு செவாலியர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. தமிழில் வேரூன்றிய பிள்ளைக்கு அயல்மொழி எட்டாது என்று சொல்வோர்க்கு வில்லியனூர்ப் பிள்ளையே விடை. வேர் தாய்மொழியில் ஆழ்ந்தால் கிளை எத்திசையிலும் பரவும். வேரை அறுத்துவிட்டுக் கிளையை மட்டும் நீட்ட முயல்வோர், கிளையையும் இழப்பர்.

'பாரதிதாசன், வாணிதாசன் என்னும் பெயர்களிலேயே வடசொல் இருக்கிறதே?' என்று தனித்தமிழ் அன்பர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது 1916ஆம் ஆண்டில். தமிழர் தம் பெயரைத் தமிழாக்கிக்கொள்ளும் உணர்வு பரவப் பல்லாண்டுகள் ஆயின. பாரதியார்பால் கொண்ட பற்றினால் ஆசிரியர் ஒரு பெயர் பூண்டார். அவ்வழியில் மாணவரும் பூண்டார். பெயரைக் குறை சொல்லலாம். அப் பெயர்களுக்குள் நின்று உழைத்த தமிழைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் காலத்தில் அரைகுறையாய் நின்றதை நிறைவாக்குவது நம் கடமை. நம் வகுப்பில் அமர்ந்துள்ள பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டில் ஒருமுறை படித்துப் பாருங்கள். எத்தனை பெயர் தமிழ்? அக் குறையைச் சுட்டும் உரிமை நமக்கு அப்போதுதான் விளங்கும்.

ஓய்வுக்குப் பின்னும் அவ்வாசிரியர் ஓயவில்லை. குயில் இதழை நடத்தினார். பிரெஞ்சியர் ஆட்சி 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுவையை விட்டு நீங்கிய பின், 1955ஆம் ஆண்டில் சட்டமன்ற உறுப்பினரானார். அஞ்சல் துறையில் பணியாற்றிப் புதுவையில் தங்கியிருந்த இளம் பாவலர் பெருஞ்சித்திரனாரின் கொய்யாக்கனி என்னும் பாவியம் பாவேந்தரின் அச்சகத்திலேயே அச்சேறியது. ஓய்வு பெற்ற ஆசிரியர் இன்னும் மாணவரைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதன்றி இதற்கு வேறு என்ன பொருள்? சிறுவர்க்கென இளைஞர் இலக்கியம் என்னும் நூலை 1958ஆம் ஆண்டில் தந்தபோது அவருக்கு அகவை அறுபத்தேழு. 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் சென்னையில் மறைந்தார். புதுவை மண்ணே அவரை ஏற்றுக்கொண்டது.

அன்புடையீர்! இன்று காலையில் வில்லியனூரிலும் பாகூரிலும் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் வரிசையாக நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியிருப்பர். தமிழ்நாட்டில் பாடப்படுவது மனோன்மணீயம் சுந்தரனார் பாட்டு. புதுவையில் பாடப்படுவது பாவேந்தர் பாட்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இவ்வாறு நாள்தோறும் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறார். ஆனால், பாட்டு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் சென்றதும் என்ன நடக்கிறது? கணக்கு ஆங்கிலத்தில், அறிவியல் ஆங்கிலத்தில், சூழல் பற்றிய பாடமும் ஆங்கிலத்தில். புதுவை அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளிலேயே ஆங்கிலவழி வேரூன்றிவிட்டது. 2023-24 கல்வியாண்டில் நடுவண் வாரியப் பாடத்திட்டம் மேல் வகுப்புகளுக்கும் வந்தது. தமிழ், பல பாடங்களுள் ஒரு பாடமாயிற்று. வாழ்த்துப் பாட்டில் தாய்; வகுப்பறையில் விருந்தாளி! 1048ஆம் ஆண்டின் திருபுவனைக்கே நாம் திரும்பிப் போகிறோமா? நிலம் தமிழ் நிலம், வரி தமிழன் வரி, கல்வி மட்டும் அயல்மொழி என்னும் அந்நிலைக்கு?

பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலி வேலைக்குப் போகும் தாய், தன் மகள் நல்ல வேலைக்குப் போக வேண்டும் என்று விரும்புவதில் என்ன பிழை? தமிழ்வழிப் படித்தால் வேலை இல்லை என்று அவளை நம்பவைத்தவர் யார் என்பதே கேள்வி. தமிழ்ப் பற்றை மேடையில் முழங்கிவிட்டுத் தம் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளிக்கு ஊர்தியேற்றி விடுக்கும் நம்மவர்க்கு அதில் பங்கில்லையா? ஆசிரியர் தம் பிள்ளையை எங்கே சேர்க்கிறார் என்பதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அவர் வாயைக் காட்டிலும் அவர் பிள்ளையின் சீருடை உரக்கப் பேசுகிறது.

ஆதலின், இங்கே கூடியுள்ளோர் மூன்று செயல்களை மேற்கொள்ள வேண்டும். முதலாவது, ஐந்தாம் வகுப்பு முடியத் தாய்மொழியே பயிற்றுமொழி என்னும் கோரிக்கையை ஒவ்வொரு கொம்யூனிலும் பெற்றோர் வாயிலாகவே எழுப்புதல். பெற்றோர்க்கு வாணிதாசன் வாழ்வை எடுத்துச் சொல்லுதல். இரண்டாவது, தமிழுணர்வு மிக்க ஆசிரியர் உயர்வகுப்புக்குப் போவதையே உயர்வென்று எண்ணாமல், முதல் வகுப்பை விரும்பி ஏற்றல். அகரம் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு சிற்றூர்ப் பள்ளியிலும் இதுவரை பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் பெயர்களைத் தேடித் தொகுத்து, பள்ளிச் சுவரிலேயே எழுதி வைத்தல். மன்னர் கொடையைக் கல்லில் வெட்டினோம். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் பெயரைச் சுண்ணாம்புச் சுவரிலாவது எழுத வேண்டாமா?

அடுத்த முறை உங்கள் ஊரில் தலைமையாசிரியர் ஒருவர் பணி நிறைவு பெறும்போது, பொன்னாடையோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் வகுப்பில் பயின்ற பிள்ளைகளுள் எவர் ஆசிரியராகியிருக்கிறார் என்று தேடி, அவரை மேடைக்கு அழைத்து, ஓய்வு பெறுவோர் கையாலேயே அவரிடம் ஒரு சுண்ணக்கோலைக் கொடுக்கச் சொல்லுங்கள். நிரவியில் 1909இல் எழுதத் தொடங்கிய கை, வில்லியனூர்ப் பிள்ளையின் வழியாகச் சேலியமேடு வரை எழுதிக்கொண்டே சென்றது. அந்த எழுத்து நம் காலத்தில் நின்றுவிடாமல் காப்போம்.

வாழ்க பாவேந்தர் புகழ்! வெல்க தமிழ்!